முன்வாசல் பூட்டை எப்போது மாற்றினீர்கள்?

கேள்வி: எனக்கு 58 வயது. அப்பா முன்பே தவறிவிட்டார். அம்மா தன் பெயரில் வாங்கிய வீட்டில் தனியாக இருந்து, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் காலமானார். வீடு எனக்குத்தான் என்று அம்மா என்னிடம் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறார். நான் அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். முன்வாசல் பூட்டை நான் மாற்றிவிட்டதால், என் தங்கை கொல்லைக் கதவு வழியாக உள்ளே போய், அம்மாவின் குத்துவிளக்கையும் இரண்டு புடவைகளையும் எடுத்துப் போய்விட்டாள். கேட்கப் போன இடத்தில் தெருவில் வாய்ச்சண்டை. ஸ்டேஷனில் சொன்னபடி புகார் எழுதிக் கொடுத்தேன். அத்துமீறி நுழைந்தது, அசிங்கமாகப் பேசியது, மிரட்டியது என்று எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். இப்போது கேஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. இந்த மாதிரி கேஸ்கள் கடைசியில் எப்படி முடியும்? அவளுக்குத் தண்டனை கிடைக்குமா? சொந்தக்காரர்கள் வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கினால் வீட்டில் என் உரிமை போய்விடுமா?
— பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: கேஸ் எப்படி முடியும் என்பதை அப்புறம் சொல்கிறேன். "முன்வாசல் பூட்டை நான் மாற்றிவிட்டதால்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் மூன்று தடவை படித்தது அதைத்தான்.

எப்போது மாற்றினீர்கள், அண்ணாச்சி? தேதி போடவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எத்தனை நாளில்? திருட்டுக்குப் பயந்திருந்தால் முதலில் கொல்லைக் கதவைத்தான் மாற்றியிருப்பீர்கள், திருடன் அந்தப் பக்கம்தானே வருவான். நீங்கள் மாற்றியது முன்வாசலை. முன்வாசல் வழியாக உரிமையோடு வரக்கூடியவள் ஒருத்திதான். கொல்லைக் கதவை உடைத்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அதற்கும் அவளிடம் சாவி இருந்திருக்கிறது. யார் கொடுத்த சாவி? உங்கள் அம்மா மகளுக்குச் சாவியே கொடுத்துவைத்திருக்கிறார். வீடு மகனுக்கு மட்டும்தான் என்று சொன்னது உங்கள் காதில் மட்டும் விழுந்திருக்கிறது.

இதை நான் கேட்பதோடு போகாது. கூண்டில் ஏறினால் உங்கள் தங்கையின் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்போவதும் இதுதான். அதற்கு நீங்கள் சொல்லப்போகும் பதிலில் பாதி கேஸ் போய்விடும்.

ஏனென்றால் அடுத்தவர் இடத்தில் கால் வைத்துவிட்டால் மட்டும் அத்துமீறல் ஆகிவிடாது. அடுத்தவர் அனுபவத்தில் உள்ள இடத்துக்குள், ஒரு குற்றம் செய்யவோ, அவரை மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்திருக்க வேண்டும். அம்மா தன் பெயரில் வாங்கிய வீடு, எழுதிய உயில் இல்லை, அப்பாவும் இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. வாயால் சொன்னது உயில் ஆகாது. எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் அனுபவத்தில் இருந்தால் மற்றவரும் இருப்பதாகத்தான் பொதுவாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தன் வீட்டுக்குள், தன் அம்மா கொடுத்த சாவியில், விளக்கு எடுக்க வந்தவளைத்தான் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறீர்கள்.

சரி, இந்தக் கேஸ்கள் எப்படி முடியும் என்று கேட்டீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 329-ஆம் பிரிவு. வீட்டுக்குள் அத்துமீறியதற்கு அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் 448 என்பார்கள், அபராதம் 1,000 ரூபாய்தான். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அண்ணன் தங்கை கேஸில் யாரும் ஜெயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் வாய்தாதான். பத்தரை மணிக்கு முன்னால் கோர்ட் வராண்டாவில் வந்து நிற்பார்கள், அண்ணன் ஒரு தூணோரம், தங்கை ஒரு தூணோரம். டவாலி பேர் கூப்பிடுவார், அடுத்த தேதி சொல்வார்கள், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் முன்சீட்டிலும் பின்சீட்டிலுமாக ஊர் திரும்புவார்கள். சிலர் வாய்தாவுக்கு அலைய முடியாமல், "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிருவோம்" என்று கட்டிவிட்டுப் போவார்கள். ஐயாயிரம் ரூபாயோடு முடிந்தது என்று நினைப்பார்கள், ஆனால் அது குற்றவாளி என்ற தீர்ப்பு. வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். அந்த யோசனையை உங்கள் தங்கைக்கு யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், அதைத் தடுக்கவேண்டிய முதல் ஆள் நீங்கள்.

வாபஸ் என்று சொந்தக்காரர்கள் சொல்வது பேச்சுவழக்கு. எஃப்.ஐ.ஆர். போட்டபின் கேஸ் அரசாங்கத்துடையது, நீங்கள் நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. ஆனால் அத்துமீறலும் மிரட்டலும் சமாதானத்துக்கு உட்பட்ட குற்றங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கோர்ட்டில் மனு கொடுத்து முடித்துக்கொள்ளலாம். அப்படி முடிந்தால் சட்டப்படி அது விடுதலைதான். மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். வட்ட சட்டப் பணிகள் குழுவில் உங்கள் தங்கைக்கு இலவசமாகவே வக்கீல் கிடைப்பார், பெண் என்பதால் வருமானச் சான்றுகூட வேண்டாம். சமாதானமாகப் போனால் வீட்டில் உங்கள் உரிமை போகாது. வீடு யாருடையது என்று முடிவுசெய்வது அந்தக் கோர்ட்டின் வேலையே இல்லை, அதற்குச் சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் உரிமை பாதிதான் என்பதை யாரும் இன்னும் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை போலிருக்கிறது.

சிக்கல் ஒன்று இருக்கிறது. "அசிங்கமாகப் பேசினாள்" என்ற 296-ஆம் பிரிவு சமாதானத்துக்கு உட்படாது. நம் ஊர் எஃப்.ஐ.ஆரில் தெருச்சண்டை என்றாலே அந்த வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்டேஷனில் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன் என்கிறீர்கள். அவள் வாயிலிருந்து வராத வார்த்தை எத்தனை அதில் இருக்கிறது? சமாதானம் ஆனபின் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு போட்டு மொத்தக் கேஸையும் ரத்து செய்யச் சொல்லலாம், செலவு உண்டு. அது முடியாவிட்டால் கூண்டில் ஏறும்போது, அவள் என்ன சொன்னாளோ அதை மட்டும் சொல்லுங்கள்.

தாய் போனபின் அண்ணன் வீடுதான் பிறந்த வீடு என்று நம்புகிறவள் நான். பழைய கட்சிதான், இருந்துவிட்டுப் போகட்டும். அம்மா கட்டிய புடவைக்குச் சான்றுப் பொருள் என்று நம்பர் போட்டு மேஜையில் வைப்பதைப் பார்க்க ஆசைப்படும் அண்ணனோடு எனக்குப் பேச்சு ஓடாது.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால், பஸ் ஸ்டாண்ட் ஓரம் குடை ரிப்பேர்காரர் பக்கத்தில் சாவி போடுகிறவர் உட்கார்ந்திருப்பார். உங்கள் புதுப் பூட்டுக்கு டூப்ளிகேட் சாவி ஒன்று போட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்பவேண்டாம், நீங்களே போய்க் கொடுங்கள்.