போலி இடப்பெயர்வுச் சமச்சீர்: மங்கலான புள்ளிகளை என்ன செய்வது?

சில புரதப் படிகங்களில், ஒரே அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பெட்டியில்) இரண்டு புரத மூலக்கூறுகள் கிட்டத்தட்ட ஒரே பக்கம் பார்த்தபடி, வெறும் ஒரு நகர்வால் மட்டும் தள்ளி நிற்கும். இதுதான் போலி இடப்பெயர்வுச் சமச்சீர். அந்த நகர்வு கூட்டின் பாதிக்கு அருகில் வந்தால் ரிஃபைன்மென்ட் (மாடலைத் தரவோடு பொருத்தித் திருத்தும் வேலை) படாதபாடு படுத்தும். இதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

என் தரவில் இது இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டர்சன் மேப்பை (அணுக்களுக்கு இடையிலான நகர்வுகளை உச்சங்களாகக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள். மையத்திலிருந்து 15 ஆங்ஸ்ட்ரமுக்கு அப்பால், மைய உச்சத்தில் 20 சதவீதத்துக்கு மேல் உயரமாக ஓர் உச்சம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் டிஃப்ராக்‌ஷன் படத்தையும் (படிகம் சிதறடித்த எக்ஸ்-கதிர்கள் பதிந்த புள்ளிகளின் படம்) பெரிதாக்கிப் பாருங்கள். அடர்ந்த புள்ளி வரிசைகளுக்கு நடுவே கண்ணுக்குச் சற்றே தெரியும் மங்கல் வரிசைகள் இருக்கும்.

மென்பொருள் மங்கல் வரிசைகளை விட்டுவிட்டுப் பாதிக் கூட்டில் இன்டெக்ஸ் செய்தது (புள்ளிகளுக்கு எண் கொடுத்தது). ஆர் மதிப்பும் (மாடலுக்கும் தரவுக்கும் உள்ள வேறுபாடு) நன்றாக வருகிறது. அப்படியே விடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். இரண்டு மூலக்கூறுகளின் சராசரிதான் அந்தச் சின்னக் கூட்டில் உங்களுக்குக் கிடைக்கிறது. அவற்றுக்குள் இருக்கும் வேறுபாட்டைச் சொல்வது பெரும்பாலும் மங்கல் புள்ளிகள்தான். சிக்மா வரம்பு வைத்து (அளவீட்டுப் பிழையோடு ஒப்பிட்டுப் பலவீனமானவற்றை ஒதுக்கி) அவற்றை வெட்டுவதும் இதே தவறுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நகர்வு ஏ அச்சில் கூட்டின் நீளத்தில் 0.48 பங்கு என்று வையுங்கள். எச் என்பது அந்த அச்சில் புள்ளியின் வரிசை எண். முழுப் பலத்தை 1 என்று கொண்டால், எச் = 1 புள்ளிக்குக் கிடைப்பது சுமார் 0.004, எச் = 2-க்கு 0.98. எச் = 12, 13 வரும்போது இரண்டும் 0.53 என்று சமமாகிவிடும். எச் = 24-இல் 0.004, 25-இல் 1! ஒற்றை எண்கள் மங்கல், இரட்டை எண்கள் பலம் என்ற விதி அங்கே தலைகீழாகிவிடுகிறது. ஒற்றை எண்களை மொத்தமாக ஒதுக்கினால் எதை இழக்கிறோம் என்று இதிலேயே தெரியும். நிஜத்தில் மூலக்கூறுகளுக்கிடையே சிறு சுழற்சியும் இருப்பதால் ரெசல்யூஷன் கூடக் கூட இந்த ஏற்ற இறக்கம் தணியும்.

மேப் அழகாக இருக்கிறது, ஆர்-ஃப்ரீ (ரிஃபைன்மென்ட்டில் சேர்க்காமல் சோதனைக்கு ஒதுக்கிய புள்ளிகளின் ஆர் மதிப்பு) மட்டும் 40 சதவீதத்திலேயே நிற்கிறது. மாடலைத் திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன்.

மாடலைக் கொஞ்சம் விடுங்கள், ஸ்பேஸ் குரூப்பை (படிகத்தின் சமச்சீர் வகையை) சந்தேகப்படுங்கள். அச்சின் வழியே பாதி நகர்வு இருந்தால் அந்த அச்சின் ஒற்றை எண் புள்ளிகள் தானாகவே மங்கும். பார்ப்பவர் அதைத் திருகச்சின் (சுழற்சியும் நகர்வும் சேர்ந்த சமச்சீர் அச்சின்) அடையாளம் என்று எடுத்துக்கொள்வார். ஸ்பேஸ் குரூப் சரியாக இருந்தாலும் மாடல் தவறான மூலப்புள்ளியில் உட்கார்ந்திருக்கலாம். பலமான புள்ளிகள் அப்போதும் ஒத்துப்போகும், அதனால்தான் மேப் நம்மை ஏமாற்றுகிறது. சாத்தியமான எல்லா ஸ்பேஸ் குரூப்பிலும் மாலிக்யூலர் ரீபிளேஸ்மென்ட் (தெரிந்த ஒரு மாடலைக் கூட்டில் பொருத்திப் பார்ப்பது) செய்யுங்கள். ஸ்பேஸ் குரூப் சரியா என்று சோதிக்கும் ஸனுடா நிரலையும் ஓட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் சமச்சீரைக் குறைத்து பி1-இல் (நகர்வைத் தவிர வேறு சமச்சீரே இல்லாத ஸ்பேஸ் குரூப்பில்) தீர்த்து, அங்கிருந்து உண்மையான சமச்சீரைத் தேடி மேலே வாருங்கள். மாலிக்யூலர் ரீபிளேஸ்மென்ட் நிரலான ஃபேஸர் இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்கும். ரீட், ஆடம்ஸ், மெக்காய் 2013-இல் எழுதிய கட்டுரையில் அதன் அடிப்படை விளக்கப்பட்டிருக்கிறது.

ட்வின்னிங்கும் (வெவ்வேறு திசை பார்த்த படிகங்கள் ஒன்றாக ஒட்டி வளர்வது) சேர்ந்திருந்தால்?

சாதாரணத் தரவில் செறிவின் இரண்டாம் மொமென்ட் (செறிவின் வர்க்கச் சராசரியைச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்தது) 2. முழு ட்வின்னிங் அதை 1.5-க்கு இறக்கும், போலி இடப்பெயர்வு ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் எண் 2-க்கு அருகில் வந்து எல்லாம் சரி என்று காட்டிவிடும். அருகருகே உள்ள புள்ளிகளின் செறிவு வேறுபாட்டைப் பார்க்கும் எல்-டெஸ்டை நம்புங்கள்: ட்வின் இல்லாவிட்டால் அதன் சராசரி 0.5, முழு ட்வின் என்றால் 0.375.

பெரிய கூட்டுக்கு மாறும்போது ஆர்-ஃப்ரீ தொகுப்பு?

பழைய கொடிகளை (எந்தப் புள்ளி சோதனைக்கு என்ற குறிகளை) அதே புள்ளிகளோடு எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாம் சரிபார்த்துவிட்டேன், ஆனாலும் ஆர்-ஃப்ரீ 29. சமர்ப்பிக்கலாமா?

பலமான புள்ளிகளுக்கும் மங்கலானவற்றுக்கும் ஆர் மதிப்பைத் தனித்தனியே கணக்கிடுங்கள். பலமானவற்றில் இயல்பாக இருந்து, அளவீட்டுப் பிழை அதிகமுள்ள மங்கல்களில் மட்டும் ஏறியிருந்தால் தயங்காமல் சமர்ப்பியுங்கள். கட்டுரையில் இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள்.