மலைமுகட்டுக் காட்டேஜா, ஓடைக்கரைக் காட்டேஜா?

கேள்வி: நான், கணவர், 7, 11 வயதில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலி உள்ள மாமியார் என ஐந்து பேர். 4 நாள் கிராமப்புறத்தில் ஒரு காட்டேஜ் எடுத்துத் தங்கப் போகிறோம். விலங்கு, பறவை பார்க்க வேண்டும், கொஞ்சம் நடக்கவும் வேண்டும். இரண்டு இடங்கள் கைவசம் இருக்கின்றன. ஒன்று மலைமுகட்டில் இருக்கிறது, பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். இன்னொன்று கீழே, ஓடைக்கும் காட்டுக்கும் நடுவில். அங்கிருந்து காட்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. எதை எடுக்கலாம்? 4 நாளை எப்படித் திட்டமிடுவது?

பதில்: ஓடைக்கரை வீட்டையே எடுங்கள். முகட்டுக் காட்சி அற்புதமாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஒருநாள் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். விலங்குகளை அப்படிப் பார்க்க முடியாது. அவை எங்கே, எந்த நேரத்தில் வருமோ அங்கே நாம் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

காடும் புல்வெளியும் சந்திக்கிற ஓரத்தில் உயிரினங்கள் பொதுவாக அதிகம். சூழலியலில் இதை விளிம்பு விளைவு என்பார்கள். மேய்ச்சல் ஒரு பக்கம், ஒளிய இடம் மறுபக்கம், பக்கத்திலேயே தண்ணீர். மான், முயல், நரி போன்றவை பெரும்பாலும் விடிகிற நேரத்திலும் அந்தி நேரத்திலும்தான் வெளியே வரும். அந்த நேரத்தில் நீங்கள் காரில் எங்கோ போய்க்கொண்டிருந்தால் பயனில்லை, வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கும் இது பொருந்தும். ஒரு அடிகூட நடக்காமல் எல்லோரையும்விட அதிகம் பார்க்கப் போகிறவர் அவராக இருக்கலாம்.

முன்பணம் கட்டுமுன் வீட்டுக்காரரிடம் போனில் பேசிவிடுங்கள். விளம்பரத்தில் 'அருகில்' என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நடைபாதை வாசலிலிருந்தே தொடங்குகிறதா, இல்லை காரில் போக வேண்டுமா, எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். அப்புறம், ஓடை. வீட்டுத் தளம் ஓடையிலிருந்து எவ்வளவு உயரம், பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, மேலே எங்கோ பெய்த மழையால் ஓடை திடீரென்று பெருகும். இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் முகட்டு வீட்டுக்கே போய்விடுங்கள். வாசலில் எத்தனை படி, கழிப்பறை கீழ்த்தளத்தில் இருக்கிறதா என்பதையும் மாமியாருக்காக விசாரியுங்கள்.

பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒரு குறை உண்டு. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனம் தாங்காமல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடியற்காலையில் மேலே இருப்பவர்களைவிட உங்களுக்குத்தான் குளிரும், பனிமூட்டமும் இருக்கும். கம்பளி ஆடை கட்டாயம். குளிர்கிறது என்று கரி அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இனி நாட்கள். 4 நாளுக்கும் அட்டவணை போட வேண்டாம். காலையும் மாலையும் வீட்டைச் சுற்றி, நடுப்பகல் ஓய்வுக்கு, நடுவில் ஒரே ஒரு நாள் முகட்டுக்கு நடை. இவ்வளவு போதும். முதல் நாள் காலையில் ஓடையோரச் சேற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இரண்டாகப் பிளந்த தடம் தெரிந்தால் குளம்பு பிளந்த விலங்கு, மான் அல்லது பன்றி. நான்கு விரலும் அவற்றின் முன்னால் நகக்குறியும் இருந்தால் பெரும்பாலும் நாய், நரி வகை. நகக்குறியே இல்லாத உருண்டைத் தடம் என்றால் பூனை இனமாக இருக்கலாம், ஏனென்றால் அவை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். எந்தத் தடம் புதிது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் மாலையில் எங்கே உட்காருவது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

உட்காரும்போது காற்று விலங்கின் பக்கமிருந்து உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். மான் கண்ணால் உங்களைக் காண்பதற்கு முன்பே மூக்கால் தெரிந்துகொள்ளும். நீங்கள் வந்ததும் பறவைகள் அடங்கிப்போகும். அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி சத்தம் தொடங்கும். பார்ப்பதற்கான நேரம் உண்மையில் அங்கிருந்துதான் ஆரம்பம். 7 வயதுப் பிள்ளைக்கு அரைமணி நேரமே பெரிது, அதற்குமேல் வற்புறுத்தாதீர்கள். பைனாகுலர் வாங்குவதானால் 8x42. 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும், கை நடுக்கமும் 10 மடங்குக் கண்ணாடி அளவுக்குப் படத்தைக் குலுக்காது.

விலங்கு எதிர்ப்பட்டால் கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். விரலுக்குப் பின்னால் விலங்கு முழுவதும் மறையாவிட்டால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். தீனி மட்டும் எதற்கும் போடாதீர்கள். இந்த விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். மனிதரிடம் தின்னப் பழகிய விலங்கு வீடுகளைத் தேடி வரும், கடைசியில் அதன் உயிருக்குத்தான் ஆபத்து.

முகட்டு நடைக்கு நேரம் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது. ஏறக்குறைய 5 கி.மீ.க்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 1 மணி 42 நிமிடம். இது நல்ல உடல்வாகுள்ள பெரியவர்களுக்கு. பிள்ளைகளோடு போகும் நீங்கள் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் இறங்கிவிடுவதுபோல் காலையிலேயே கிளம்புங்கள். இடி கேட்டால் முகட்டில் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம்.

திரும்பியதும் பிள்ளைகளின் காது மடிப்பு, அக்குள், முழங்காலின் பின்புறம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடலாம். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மொபைலில் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள், அங்கே சிக்னல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நடைக்குக் கிளம்பும்போது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் தாண்டி எவ்வளவு காத்திருந்து, யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.