அட்வான்ஸை வரவில் எழுதாதீர்கள்

கேள்வி: கோவை பீளமேட்டில் எங்கள் மாடி வீட்டை நான்கு கல்லூரிப் பசங்களுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறேன். அட்வான்ஸ் 1 லட்சம். புது பேட்ச் தரும் அட்வான்ஸ் ஒவ்வொரு வருடமும் மச்சினன் கடைக்குப் போய்விடுகிறது. பசங்க காலி செய்யும்போது மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் திருப்பித் தருகிறேன். மூன்று வருடத்தில் நகைக்கடன் 3 லட்சம், வட்டி 12%. இப்போது ஒரு கோ-லிவிங் நிறுவனம் (வீட்டை மொத்தமாக எடுத்து, பலருக்கு அறை, கட்டில் என்று வாடகைக்கு விடுபவர்கள்), 6 லட்சம் செலவில் ஏசி, கட்டில் போட்டுக் கொடுத்தால் மாதம் 30,000 உறுதி என்கிறது. பர்சனல் லோன் (14%, 5 வருடம்) வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

வீட்டு வரி, வருமான வரிக்காக வாடகையில் 30% கழிவு எல்லாம் சரியாகவே கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் அதே தாளில் அட்வான்ஸை வரவுப் பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் வினை. அது பசங்களின் அப்பா அம்மாவுக்கு நீங்கள் தர வேண்டிய கடன்.

லீவு மாதங்கள் போக 10 மாத வாடகை 2 லட்சம். வெள்ளையடிப்பு, மோட்டார், வரி என்று 30,000 போனால் கையில் 1.70 லட்சம். நகை வட்டி மட்டும் 36,000. கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகையை மச்சினனுக்காகக் கட்டுகிறீர்கள்!

கோ-லிவிங் கணக்கையும் பார்ப்போம். வருடத்துக்கு 3.60 லட்சம் வரும். இ.எம்.ஐ. சுமார் 13,960, வருடத்துக்கு 1.67 லட்சம். பராமரிப்பும் வரியும் 30,000. மிச்சம் 1.63 லட்சம், அதாவது இப்போது வருவதைவிடக் குறைவு. நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் உங்களுக்கு 5 வருடக் கட்டு. அவர்களோ இரண்டு மாத நோட்டீஸில் கிளம்பலாம். இதில் 'உறுதி' யாருக்கு?

இனி வாடகையில் பாதியை, 10,000 ரூபாயை, ஆர்.டி.யில் போடுங்கள். பத்து மாதத்தில் திருப்ப வேண்டிய 1 லட்சம் சேர்ந்துவிடும். அடுத்த பேட்ச்சிடம் 60,000 போதும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றுதான் 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டமும் சொல்கிறது. வாங்கிய அன்றே அதை மனைவியையும் சேர்த்து இருவர் பெயரில் எஃப்.டி. போடுங்கள்.

"ஒரு மாசம் பொறுங்க மாமா" என்பவரிடம் நீங்கள் பேசிப் பயனில்லை. வளையலுக்குச் சொந்தக்காரரான அக்காவே பேசட்டும். மாதம் 10,000, உங்கள் கையில் வேண்டாம், நேராக நகைக்கடன் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். அது முடியும்வரை புதுக் கைமாற்று கிடையாது.

புதுப் பசங்க வரும் அன்று ஈ.பி. மீட்டரையும் பாத்ரூம் குழாய்களையும் போட்டோ எடுத்து அவர்களின் அப்பாக்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் செய்யும்போது தகராறு வராது.