மிஸ்ஸி பதில்கள்: தலையில் பட்ட அடி

காலபோக அறுவடை முடிந்து, தார் வீதியில் நெல் காயப் போடும் காலம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி தலைக்காயம் பற்றியதாகிவிடும். நெல்லைச் சுற்றி வைத்த கல், பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி, இரவில் சூடு தேடித் தாரில் வந்து படுக்கும் பட்டி மாடு என்று காரணங்களுக்கு வன்னியில் குறைவில்லை. பனையிலும் தென்னையிலும் இருந்து விழுகிறவர்கள் உண்டு. போர்க்காலச் சிதறல்களோடு இன்னமும் வாழ்கிறவர்கள் உண்டு. இந்த இதழை முழுவதும் தலைக்கே ஒதுக்கிவிட்டேன். வழக்கமாகச் சொல்வதுதான்: நான் சத்திரசிகிச்சை விடுதியில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள், வைத்தியர் அல்ல. கிளினிக்கில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இதை வாசியுங்கள்.

கடந்த ஆண்டு பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் என் கணவரின் மோட்டார் சைக்கிள் இரவில் மாட்டோடு மோதியது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் வைத்திருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கை கால் நன்றாக இருக்கிறது, கதைக்கிறார். ஆனால் அவர் பழைய மனிதர் இல்லை. சோற்றுக் கோப்பையை எறிகிறார். மகளின் சிநேகிதிகள் முன்னால் கூடாத வார்த்தை பேசுகிறார். மற்ற நேரம் திண்ணையில் சும்மா இருக்கிறார். கடைக்கு அனுப்பினால் வெறுங்கையோடு வருகிறார். பக்கத்தில் இருந்தும் சோறு அடிப்பிடித்தது தெரியவில்லை. மாமி செய்வினை என்கிறார், என் தம்பி நடிப்பு என்கிறான். இரத்தக்கசிவு வற்றிவிட்டது என்று கடைசி ஸ்கானில் சொன்னார்களே?
- வாசகி, தர்மபுரம்

தங்கச்சி, செய்வினையும் இல்லை, நடிப்பும் இல்லை. இது காயம். தோலில் தழும்பு ஆறிவிட்டதால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய வைத்தியசாலை அட்டையின் பிரதியில் 'ஜி.சி.எஸ். 10' என்று எழுதியிருக்கிறது. 1974இல் கிளாஸ்கோ நகரத்து மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்களான டீஸ்டேல், ஜெனெட் இருவரும் அறிமுகப்படுத்திய, அடிபட்டவருக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கணக்கு இது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. முற்றாக நினைவிழந்து கிடப்பவருக்கும் 3 உண்டு. 13 முதல் 15 வரை இலேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8உம் அதற்குக் கீழும் கடுமை. உங்கள் கணவருடையது நடுத்தரக் காயம். 'தலையில் சின்ன அடி' என்று யாராவது சொன்னால் அந்த அட்டையைக் காட்டுங்கள்.

மண்டையோட்டுக்குள் மூளை இறுகிக் கட்டிய பொருளல்ல. தயிர்ச் சட்டியை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி சடுதியாக நின்றால் சட்டிக்குள் தயிருக்கு என்ன நடக்குமோ, மாட்டில் மோதிய அந்தக் கணத்தில் மூளைக்கும் அதுதான் நடக்கிறது. நெற்றிக்குப் பின்னாலும் கன்னப்பொட்டுக்கு உள்ளேயும் எலும்பின் உட்புறம் கரடுமுரடானது. மூளை அதில் உரசிக் கன்றிப்போகிறது. அதைவிட மோசம், மூளைக்குள் ஓடும் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுவது. சி.ரி. ஸ்கான் இரத்தத்தைக் காட்டும், எலும்பு முறிவைக் காட்டும். அறுந்த இழைகளைப் பெரும்பாலும் காட்டாது. கசிவு வற்றியது நல்ல செய்திதான். அது முழுச் செய்தி அல்ல.

இனி நீங்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்வது நெற்றிப்பக்க மூளையின் வேலை. அங்கே அடிபட்டால் கடிவாளம் தளரும். ஒரு வேலையைத் தானாகத் தொடங்க வைப்பதும் அதே இடம்தான். ஆகவே அவர் திண்ணையில் இருப்பது சோம்பல் அல்ல. "எழும்பிப் போய் ஆட்டுக்குக் குழை கட்டுங்கள்" என்று நீங்கள் சொன்னால் செய்வார், தானாக எழும்ப மாட்டார். சரிதானே? மணம் அறியும் நரம்பிழைகள் மூக்குக்கு மேலே துளைகள் நிறைந்த மெல்லிய எலும்பு ஒன்றின் ஊடாக வருகின்றன. மூளை வழுக்கும்போது அவை அறுந்துபோகலாம். அடிப்பிடித்த சோறு அவருக்கு மணக்காதது அதனால்தான். எரிவாயு கசிந்தாலும் மணக்காது, பழுதான மீன்குழம்பும் மணக்காது. அடுப்படியில் அவரைத் தனியே விடாதீர்கள்.

என்ன செய்வது? இத்தகைய காயத்தில் முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாக, ஆண்டுக் கணக்கில் தொடரும். ஒரு பாடசாலைக் கொப்பி வாங்குங்கள். நாளைக்கு மூன்று வேலை, அதற்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில். ஆட்டுக்குக் குழை, பூக்கன்றுக்குத் தண்ணீர், மாலையில் கடை. கடைக்கு வேண்டியதைத் துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஒரு தடவையில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். தொலைக்காட்சி ஓடும்போது சொல்லாதீர்கள். இப்படிப்பட்ட மூளை சீக்கிரம் களைக்கும், களைத்தால் கோபம் வரும். கோப்பை பறப்பது எந்த நேரத்தில் என்று ஒரு கிழமை குறித்துப் பாருங்கள். பகல் தூக்கம் தவறிய நாளாக இருக்கக்கூடும். கோபம் வந்துவிட்டால் நியாயம் பேசாமல் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். ஆறியபின் கதையுங்கள். சாராயம் கூடவே கூடாது. காயப்பட்ட மூளைக்குப் போதை சீக்கிரம் ஏறும், வலிப்பையும் கொண்டுவரும். உழவு இயந்திரம் ஓட்டலாமா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

கிளினிக்குக்கு அவரோடு நீங்களும் உள்ளே போங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் அவர் "நல்ல சுகம்" என்பார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். தன்னில் ஏற்பட்ட மாற்றம் தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் ஒரு பகுதி. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தையே வைத்தியரிடம் கொடுங்கள். தொழில்வழிச் சிகிச்சையாளரிடமும் மனநலப் பிரிவுக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மாமி வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்க விரும்பினால் வைக்கட்டும், பொங்கட்டும். குளிசையை மட்டும் யாரும் நிறுத்தக்கூடாது. ஒன்று அழுத்திச் சொல்கிறேன்: காயம் அவருடைய கோபத்துக்குக் காரணம், நீங்கள் அடி வாங்குவதற்கு அது அனுமதி அல்ல. கை ஓங்கினால் பிள்ளைகளோடு தம்பி வீட்டுக்குப் போய்விடுங்கள். உங்களுக்கே மனம் தாங்காத இரவில் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

மண்டைக்குள்ளால் இரும்புக் கம்பி போன ஒருவர் உயிரோடு இருந்தார் என்று உயிரியல் ஆசிரியர் சொன்னார். உண்மையா?
- மாணவன், முழங்காவில்

உண்மை, தம்பி. 1848 செப்டெம்பர் 13இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், புகையிரதப் பாதை போடப் பாறை வெடிக்க வைத்த இடத்தில் நடந்தது. அவர் பெயர் பினியஸ் கேஜ். கம்பி ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளம், ஆறு கிலோ எடை. இடது கன்னத்தால் புகுந்து உச்சியால் வெளியே போனது. சிறிது நேரத்தில் அவர் பேசினார், நடந்தார். பொறுப்பான மேற்பார்வையாளராக இருந்தவர் பிறகு தூஷணம் பேசுகிறவராக, ஒரு முடிவில் நிற்காதவராக மாறிவிட்டார் என்று அவரைப் பார்த்த வைத்தியர் எழுதினார். பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திவிடும். எனக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது: சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நாள்தோறும் ஒரே வகை வேலை இருந்ததால் அவர் ஓரளவு தேறினார் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தர்மபுரம் தங்கச்சி இதையும் வாசிக்க வேண்டும். 1860இல் வலிப்பு வந்துதான் அவர் இறந்தார்.

மகன் (வயது 7) மாமரத்தால் விழுந்து தலை உடைந்தது. கோப்பித்தூள் வைத்து அமுக்கினோம், இரத்தம் நின்றுவிட்டது. அன்றிரவு தூங்கவிடவில்லை. செய்தது சரியா?
- தாய், ஒட்டுசுட்டான்

அமுக்கியது சரி. கோப்பித்தூள் பிழை. இரத்தத்தோடு சேர்ந்து பாறையாய் இறுகிய தூளை, பிள்ளை கத்தக் கத்த, உப்புத் தண்ணீர் விட்டு விட்டு மயிருக்குள்ளால் எடுத்தவள் நான். எடுத்தால்தான் வெட்டு எவ்வளவு ஆழம் என்றே தெரியும். சுத்தமாகத் தோய்த்துக் காய்ந்த துணி போதும். தலைத்தோல் பயங்கரமாக இரத்தம் விடும், அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது வேறு. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, மூக்காலோ காதாலோ தெளிந்த நீர், கண்மணிகளில் ஒன்று பெரிதாவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, எழுப்பினாலும் எழும்பாமை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 1990 அம்புலன்ஸ் வண்டிக்கு எடுங்கள். விழுந்தவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில மணி நேரத்தில் மயங்குவதும் உண்டு. பொட்டு எலும்பு வெடித்து அதன் கீழே ஓடும் நாடி கிழிந்தால் அப்படி நடக்கும். நேரத்தோடு கொண்டுபோனால் சத்திரசிகிச்சையால் காப்பாற்றலாம். ஆகவே பிள்ளையை விடிய விடிய விழித்திருக்கச் செய்ய வேண்டாம். தூங்கட்டும், இடையிடையே எழுப்பிப் பெயரைக் கேளுங்கள். நோவுக்குப் பனடோல் கொடுக்கலாம், அஸ்பிரின் வேண்டாம். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு பள்ளிக்கூடம். தலையிடியும் தலைச்சுற்றும் முற்றாக விட்ட பிறகே பந்தும் மரமும்.

தலைக்கவசம் போட்டால் காது கேட்பதில்லை, வெக்கை வேறு. சந்திக் கடைக்குப் போகவும் வேண்டுமா?
- வாசகர், விசுவமடு

வேண்டும். சரியாக அணிந்தால் சாவு ஆபத்து 40 வீதத்துக்கு மேலும், தலைக்காய ஆபத்து ஏறத்தாழ 70 வீதமும் குறைகிறது. சரியாக என்றால் நாடிப் பட்டியைப் பூட்டி. எண்ணெய்த் தாங்கியில் வைத்துக்கொண்டு பொலிசைக் கண்டதும் எடுத்து மாட்டுவது பொலிசுக்கு, உங்கள் தலைக்கல்ல. ஒருதரம் விபத்தில் அடிபட்ட கவசத்தை எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

2009இல் எனக்கு எட்டு வயது. செல் பீஸ் (எறிகணைச் சிதறல்) ஒன்று தலைக்குள் இருக்கிறது, எடுக்க முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். நான்கு ஆண்டுகளாக வலிப்புக்கு வல்ப்ரோயேட் குளிசை போடுகிறேன். இப்போது கல்யாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லாதே என்கிறார் அம்மா.
- பெயர் வேண்டாம், முல்லைத்தீவு மாவட்டம்

மகளே, முதலில் குளிசை. வல்ப்ரோயேட் வலிப்புக்கு நல்ல மருந்து, வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கெட்ட மருந்து. கர்ப்பத்தில் அதை எடுத்த தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. இன்னும் அதிகமானோருக்குப் பேச்சும் படிப்பும் பிந்துகின்றன. ஆகவே திருமண நாள் குறிப்பதற்கு முன்பே கிளினிக்கில் "எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், மருந்தை மாற்றலாமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். மாற்று மருந்துகள் உண்டு, மாற்ற மாதங்கள் எடுக்கும். போலிக் அமிலம் (folic acid) என்ற விற்றமின் குளிசையை எப்போது தொடங்குவது என்றும் கேளுங்கள். இதை வாசித்துவிட்டு நீங்களாக இன்றிரவு குளிசையை நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகும். நிறுத்தக்கூடாது.

பீஸ் உள்ளே இருப்பதால் மட்டும் பயமில்லை. ஆழத்தில் கிடப்பதைத் தோண்டி எடுத்தால் வழியில் உள்ள நல்ல மூளையும் போகும் என்பதால்தான் விட்டுவைக்கிறார்கள். மூளைக்குள் பொருள் புகுந்த காயத்தில் வலிப்பு ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம், உங்களுக்கு நடந்தது புதுமையல்ல. காய்ச்சலோடு தலையிடி கூடினால் மட்டும் உடனே போங்கள், சீழ் கட்டியிருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு யார் எழுதினாலும் "தலைக்குள் இரும்பு இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம், சிதறலை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். சி.ரி.யிலும் எக்ஸ்ரேயிலும் அந்தப் பிரச்சினை இல்லை. கட்டில்லாத கிணற்றடி, குளம், வாய்க்கால், விறகடுப்பு, இவற்றில் தனியே நிற்காதீர்கள்.

அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் சொல்லிவிடுங்கள், அதுவும் தரகர் மூலம் அல்ல, நீங்களே மாப்பிள்ளையிடம். அவர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறவர். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் கிடத்துவதும், வாய்க்குள் எதையும் திணிக்காமல் இருப்பதும், நேரம் பார்ப்பதும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வண்டிக்கு அழைப்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையில் இரும்பு கொடுக்கும் பழக்கத்தையும் அந்த வீட்டில் விடச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு ஒதுங்கிப் போகிற மாப்பிள்ளை இப்போதே போகட்டும்.

அப்பாவுக்கு 74. ஒரு மாதத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது பகலெல்லாம் தூங்குகிறார், இடது காலை இழுக்கிறார், பெயர்கள் மறக்கிறார். இதய வருத்தத்துக்கு அஸ்பிரின் போடுகிறார். வயதுபோன மறதி என்கிறார்கள்.
- மகன், நெடுங்கேணி

வயதுபோன மறதி ஒரு மாதத்தில் வந்து காலை இழுக்காது. முதுமையில் மூளை சற்றுச் சுருங்கி, அதன் மேலுள்ள சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும். இலேசான அடியிலும் கிழியும். கசியும் இரத்தம் கிழமைக் கணக்கில் மெல்ல மெல்லச் சேர்ந்து மூளையை அமுக்கும். அஸ்பிரின் கசிவுக்குத் துணைபோகும். இது அதுவாக இருந்தால் மண்டையில் சிறு துளையிட்டு இரத்தத்தை வடித்துவிடுவார்கள், பலர் நன்றாக எழும்பி நடக்கிறார்கள். பக்கவாதமாகவும் இருக்கலாம், அதற்கும் தாமதிக்கக்கூடாது. இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே கொண்டுபோங்கள். குளிசைப் பையையும் கிளினிக் கொப்பியையும் கையில் எடுங்கள். வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நிற்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், விழுந்த திகதியைச் சொல்லுங்கள்.