ஏழாம் நாள் கியூப் ரிசல்ட் குறைவு: தளத்தை இடிக்கணுமா?

மடிப்பாக்கத்தில் வீடு கட்டும் ஒருவர் கேட்கிறார்: "எம்25 கான்கிரீட், பிபிசி சிமென்ட், முதல் மாடித் தளம் போட்டாச்சு. ஏழாம் நாள் கியூப் டெஸ்டில் 14.8 வந்திருக்கு. கான்ட்ராக்டர் பரவாயில்லை என்கிறார், மச்சான் இடிக்கச் சொல்கிறார். என்ன செய்வது?"

இடிக்காதீர்கள். ஆனால் அசட்டையாகவும் இருக்காதீர்கள். கியூப் என்பது தளத்துக்குப் போட்ட அதே கான்கிரீட்டை அச்சில் வார்த்து, லேபில் அழுத்தி உடைத்துப் பார்க்கும் கட்டி. எம்25 என்றால் 28-ஆம் நாளில் அது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். ஏழாம் நாளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 16, 17 வரும் என்பது ஓபிசி (கலப்பில்லாத சாதாரண) சிமென்ட்டுக்குப் போடும் தோராயக் கணக்கு. பிபிசியில் ஃப்ளை ஆஷ் (அனல் மின்நிலையச் சாம்பல்) கலந்திருப்பதால் பலம் மெதுவாகத்தான் ஏறும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ம் 28-ஆம் நாள் ரிசல்ட்டை வைத்துத்தான் முடிவு சொல்கிறது.

நான் முதலில் கேட்பது, அந்தக் கியூப் ஏழு நாளும் எங்கே கிடந்தது? அச்சிலிருந்து கழற்றியதும் டெஸ்ட் வரை 27 டிகிரி வாக்கில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். நம்ம ஊர் சைட்டுகளில் அது மொட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன், அப்படிக் காய்ந்த கியூபை வைத்துத் தளத்தை எடைபோடவே முடியாது. ஒரு சாம்பிளுக்கு மூன்று கியூப்; ரிப்போர்ட்டில் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினாலும் அந்த சாம்பிள் செல்லாது. கணக்கையும் நீங்களே சரிபார்க்கலாம்: 150 மிமீ கியூபின் பரப்பு 22,500 சதுர மிமீ, எனவே 14.8 என்றால் 333 கிலோநியூட்டனில் உடைந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது தளத்தைக் கவனியுங்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை விடாதீர்கள். பிபிசிக்குக் குறைந்தது 10 நாள், சென்னை வெயிலுக்கு 14 நாள். தளத்தைத் தாங்கும் முட்டுகள் அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார், 28 நாள் ரிசல்ட் வரும்வரை அவற்றில் கை வைக்க விடாதீர்கள், வாடகை கூடினால் கூடட்டும்.

28-ஆம் நாளில் மூன்று கியூபின் சராசரி 22-க்குக் கீழே போனால், தளத்திலிருந்தே உருளையாகத் துளைத்தெடுத்து உடைத்துப் பார்க்கும் கோர் டெஸ்ட்தான் வழி. மேற்பரப்பில் அடித்துத் துள்ளலை அளக்கும் சுத்தியல் டெஸ்ட் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது எந்த இடம் பலவீனம் என்று காட்டுமே தவிர பலத்தை உறுதியாகச் சொல்லாது. குறைந்தது மூன்று கோர் எடுக்க வேண்டும். கியூப் பலமாக மாற்றிய சராசரி 21.25, தனி ஒன்று 18.75, இதற்குக் குறையாவிட்டால் தளம் தேறிவிடும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபை நீங்களே கூப்பிடுங்கள், கோர் எடுக்கும் இடத்தை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் குறித்துக் கொடுக்கட்டும்.