லீவர் ரைஃபிளுக்கு மரமா, பிளாஸ்டிக்கா?

கேள்வி: கௌபாய் படங்களில் வரும், விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிளை இப்போது கறுப்பு பிளாஸ்டிக் கட்டையோடு (தோளில் பதியும் பின்பகுதி) விற்கிறார்களாமே, அது நன்றாகவா இருக்கு? (வாசகர், குடியாத்தம்)

பதில்: என் ஓட்டு மரத்துக்குத்தான். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894-இல் வின்செஸ்டர் நிறுவனம் விற்ற ரைஃபிளை (சுருக்கமாக 94) பாருங்கள், வால்நட் கட்டை, மெலிந்த தட்டை உடம்பு, குதிரைச் சேணத்துத் தோல் உறையில் சுலபமாகச் செருகலாம், அந்த அழகில் வீண் எதுவும் இல்லை. சரி, புதுசிலும் நியாயம் உண்டு. மழையில் மரம் ஊறும், பிளாஸ்டிக் ஊறாது. குறிபார்க்கும் தொலைநோக்கியை மேலே மாட்டத்தான் புது வடிவம் என்று சிலர் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். பழைய 94-இல் காலித் தோட்டா மேலே துள்ளுவதால் அது சிரமம்தான், ஆனால் 1948-இல் வந்த மார்லின் நிறுவனத்தின் 336 லீவர் ரைஃபிள் காலித் தோட்டாவைப் பக்கவாட்டில் தள்ளிவிடும், மரக்கட்டையோடுதான்.