பாறை ஏறுகிறவர்கள் ஏன் எந்நேரமும் ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள்?

உங்கள் தம்பி பெங்களூரில் வாரக்கடைசியில் பாறை ஏறப் போகிறார். அவர் அனுப்பும் வீடியோக்களில் ஒருவர் அந்தரத்தில் தொங்குகிறார், கீழே நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இவர்களை நம்பித் தம்பியை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அவர்கள் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

நான் ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ராமநகரம் பக்கம் ஏறப் போகிறேன். பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஏழெட்டுப் பேர், எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கெங்கேரியில் கூடுவோம், வழியில் பிடதியில் தட்டு இட்லி, ஏழரை மணிக்குள் பாறையடி. கூட்டத்தில் மூத்தவர் ஒரு தஞ்சாவூர்க்காரர், வயது 61, பணி ஓய்வு பெற்றவர், எங்கள் எல்லாருக்கும் மாமா. விடுகதை என்றால் அவருக்கு உயிர். அப்புறம் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இங்கே நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு அக்கா. ஒரு விளிம்பைப் பிடித்தால் விடமாட்டார், அதனால் உடும்பு அக்கா. அந்தப் பெயரை அவரே தன் ஹெல்மெட்டில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார்.

ராமநகரத்துக்கு ஆங்கிலேயர் காலத்துப் பெயர் குளோஸ்பேட்டை. பாரி குளோஸ் என்ற அதிகாரியின் பெயரில் வந்தது. இங்குள்ள பாறையைப் புவியியல்காரர்கள் இன்றைக்கும் குளோஸ்பேட்டை கிரானைட் என்றே சொல்கிறார்கள், வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். புதிதாக யார் வந்தாலும் மாமா இந்த வரலாற்றையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஊர் பேரே குளோஸ்பேட்டை தம்பி. முடிச்ச ஒழுங்காப் போடு, இல்லேன்னா ஆள் குளோஸ்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தபடியே புதியவர் குனிந்து தன் முடிச்சை இன்னொரு தடவை பார்ப்பார். மாமாவுக்கு வேண்டியது அந்தக் குனிதல்தான்.

முடிச்சுக்கென்றே அவர் கட்டிய விடுகதை இது: "ஆர்டிஓ ஆபீஸ்லயும் போடுவேன், அரைஞாண் இடத்துலயும் போடுவேன். அங்க தப்பினா லைசென்ஸ் போச்சு, இங்க தப்பினா எல்லாம் போச்சு. அது என்ன?"

விடை, எட்டு. டூவீலர் லைசென்ஸுக்குப் போடும் அதே எட்டுதான். ஏறுகிறவர் இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டும் முடிச்சும் எட்டு வடிவம்தான், பெயரும் எட்டுதான். இரண்டு இழையும் குறுக்கே ஏறாமல் பக்கம் பக்கமாக ஓட வேண்டும், வால் ஒரு சாண் மிஞ்ச வேண்டும். எட்டு போட்டால்தான் மேலே எட்டும் என்று பதிலோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாமா கயிற்றைக் கையில் கொடுக்க மாட்டார்.

இது புதியவர்களுக்கு மட்டும் உள்ள பாடம் என்று நினைக்காதீர்கள். உலகின் மிகச் சிறந்த ஏறுநர்களில் ஒருவரான லின் ஹில், 1989-இல் பிரான்ஸில் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஏறி, 20 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். நாலு வருடம் கழித்து அமெரிக்காவின் எல் கேபிடன் பாறையில் நோஸ் என்ற வழியை, கயிற்றை விழுந்தால் தாங்க மட்டும் வைத்துக்கொண்டு கைகால் பலத்தாலேயே முதன்முதலில் ஏறி முடித்தவரும் அவரேதான். முடிச்சுப் போடும்போது கவனம் சிதறினால் போதும், அனுபவம் எதுவும் உதவாது. அதனால் ஒருவர் கை கயிற்றில் இருக்கும்போது எங்கள் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டோம். ஓட்டுவதெல்லாம் முடிச்சைச் சரிபார்த்த பிறகுதான்.

சரி, உடற்பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். அதில்தான் கேலி அதிகம்.

போன வருடம் திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி சேர்ந்தார். ஜிம்மில் இறக்கமே இல்லாமல் இருபது புல்-அப் எடுக்கிற கை. ராமநகரத்துச் சாய்வுப் பாறையில் நாலடி ஏறுவார், சறுக்கி வருவார். மறுபடி நாலடி, மறுபடி சறுக்கல். பிரெஞ்சுக் கணக்கில் பாறை வழிகளுக்கு 5சி, 6ஏ, 6பி என்று கடினம் குறிப்பார்கள். அன்றைக்கு அவர் முயன்றது 6ஏ. மூன்றாவது சறுக்கலில் உடும்பு அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, சிக்ஸ் பேக் ஏறிடுச்சு, சிக்ஸ் ஏ ஏற மாட்டேங்குதே?"

தம்பியும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அக்கா அவர் பக்கத்தில் போய், பாறையில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். பிடிக்க விளிம்பு எதுவும் கிடையாது, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு மட்டும்தான். இங்கே இழுக்கிற பலத்துக்கு வேலையில்லை. பாறையோடு ஒட்டிப் படுத்தால் கால் வழுக்கும். இடுப்பை வெளியே தள்ளி, எடை முழுவதையும் பாதத்தில் இறக்கினால்தான் ஷூவின் ரப்பர் பாறையைக் கவ்வும். தம்பி அடுத்த முறை பாதி தூரம் போனார். நேராக வந்து "உனக்கு டெக்னிக் தெரியவில்லை" என்று சொல்லியிருந்தால் மனிதர் மறுவாரம் வந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

விரல் பயிற்சிக்கும் இப்படி ஒன்று உண்டு. 20 மில்லிமீட்டர் மரச்சட்டத்தில் விரல்நுனியால் தொங்குவதை நாங்கள் தொங்கல் என்போம். ஐடி வேலை பார்ப்பவர்களிடம் மாமா கேட்பார், "ஆபீஸ்ல எல்லாம் தொங்கல்ல போட்டுட்டு இங்க வந்து தொங்குறீங்களா?" அதோடு எச்சரிக்கையும் வரும். தசை சில மாதத்தில் ஏறிவிடும், விரல் எலும்போடு தசைநாரைப் பிடித்து வைத்திருக்கும் வளையங்கள் அவ்வளவு வேகமாகப் பலப்படாது. அவசரப்பட்டால் ஒரு நாள் விரலுக்குள் "டப்" என்று சத்தம் கேட்கும், அப்புறம் மாதக்கணக்கில் ஓய்வு. எனவே முதல் வருடம் தொங்கல் வேண்டாம். இதை உங்கள் தம்பியிடமும் சொல்லுங்கள்.

சொல் விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது பெங்களூரில் மட்டுமே பிறக்கக்கூடிய ஒன்று. கன்னடத்தில் மலைக்குப் பெட்டா. ஒரு வழியை எப்படி ஏறுவது என்ற குறிப்புக்கு ஏறுகிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் சொல் பீட்டா, பழைய பீட்டாமேக்ஸ் வீடியோ டேப்பிலிருந்து வந்தது என்பார்கள். "பெட்டா ஏறப் பீட்டா வேணும், வண்டிக்காரருக்குப் பேட்டா வேணும், காலுக்குப் பாட்டா வேணும்" என்று மாமா ஒரே மூச்சில் சொல்லுவார். வேனில் போகும்போது எல்லாரும் வேகமாகச் சொல்லிப் பார்ப்போம், நாக்குப் பிசகியவர் இட்லிக்குக் காசு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று ஏழரை. கடினத்தில் 7ஏ உண்டு, 7பி உண்டு. கல் உதிரும் பாறை, மேலே மலைத்தேனீக் கூடு இருக்கும் பாறை என்றால் அதற்கு எங்கள் கிரேடு ஏழரை. யாராவது "அது ஏழரை" என்று சொன்னால் சனி பிடித்த இடம் என்று அர்த்தம், யாரும் வாதாடாமல் அடுத்த பாறைக்குப் போய்விடுவோம். தேனீ விஷயத்தில் பிடிவாதம் பிடித்தவர்கள் ஆஸ்பத்திரியில்தான் முடிந்திருக்கிறார்கள்.

நீங்கள் வீடியோவில் பார்த்தது அநேகமாக டைலர் கடையாக இருக்கும். நுனிக்காலில் ரொம்ப நேரம் நின்றால், அதுவும் பயந்து நின்றால், கால் தையல் மிஷின் மாதிரி தடதடவென்று ஆடத் தொடங்கும். கீழேயிருந்து ஒரு குரல் வரும்: "டைலர் கடை தொறந்தாச்சு! அக்கா, ஜாக்கெட் தைக்க எவ்வளவு?" கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். நான் மேலே இருந்தும் இதைக் கேட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பயத்தில் மூச்சு நின்றுபோயிருக்கும். சிரிப்பு வந்ததும் அடக்கி வைத்த மூச்சு வெளியே போகும். அடுத்த நொடி அதே குரல், கேலி துளியும் இல்லாமல், "குதிகால இறக்கு" என்று சொல்லும். குதிகாலை இறக்கினால் கெண்டைக்கால் தசை தளரும், நடுக்கம் நிற்கும். வீடியோவில் முதல் பாதி மட்டும் இருந்தால் நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை.

இனி, நாங்கள் ஒரு சொல்லையே தடை செய்த கதை. போன மார்கழியில் அந்தத் திருநெல்வேலித் தம்பி ஒரு வழியாக அந்த வழியின் உச்சிக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். நான் கீழே கயிறு பிடித்திருந்தேன். பின்னாலிருந்து மாமா, "என்ன தம்பி, அல்வா வாங்கிட்டு வர நேரமாகுமா?" என்றார். தம்பி திரும்பாமல், "அட விடுங்க மாமா" என்றார். என் காதில் "விடுங்க" மட்டும்தான் விழுந்தது. கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தேன். அதே நேரம் அவர் கால் வழுக்கியது. இரண்டடி விழ வேண்டியவர் ஐந்தடி விழுந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கை நடுக்கம் அடங்க அரைமணி நேரம் ஆனது.

அன்றிலிருந்து பாறையில் "விடு" என்ற சொல் கிடையாது. கயிறு வேண்டுமென்றால் "தளர்த்து", இழுத்துப் பிடிக்க "இறுக்கு", கூடவே கயிறு பிடிப்பவரின் பெயரைச் சொல்ல வேண்டும். கயிற்றில் ஆள் இருக்கும்போது விடுகதையும் கிடையாது என்று மாமாவே சட்டம் போட்டார். அதிலும் "விடு" இருக்கிறதல்லவா?

எல்லாக் கேலியும் நல்லது என்று நான் சொல்லவே மாட்டேன். மூன்று வருடம் முன்பு ஒரு பெண் எங்களோடு இரண்டு முறை வந்தார். கொஞ்சம் பருமனானவர், நல்ல ஆர்வம். ஏறுகிறவர் கயிறு பிடிப்பவரை விட மிக அதிக எடை என்றால், அவர் விழும்போது பிடிப்பவர் மேலே தூக்கப்படுவார், அதனால் இருவர் எடையும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தனியாக, அமைதியாகக் கேட்டிருக்கலாம். எல்லார் முன்னாலும் "இவங்களுக்குக் கயிறு பிடிக்க கிரேன்தான் வேணும்" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் என்னுடையது. அவர் சிரித்தார், அன்றைக்கு முழுக்க ஏறினார், அப்புறம் வரவில்லை. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா" என்றார். அந்தப் "பரவாயில்ல" இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேளுங்கள் என்றேன். காலை எங்கே வைத்தார், எப்படிச் சறுக்கினார், எதற்கு அடம்பிடித்தார் என்று ஓட்டினால், நல்ல கூட்டம். உடம்பைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, பயப்படுவதைச் சொல்லி ஒருவரைத் தனியாக்கி ஓட்டினால், தம்பியை வேறு கூட்டம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஞாயிறு அவரோடு நீங்களும் வந்து பாறையடியில் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது.

போன வாரம் மாமா போட்ட விடுகதைக்கு எங்கள் வேனில் பிடதி தாண்டித்தான் விடை கிடைத்தது: "திரித்தால் பொய் சொல்வான், கட்டினால் மெய் காப்பான். அவன் யார்?" தெரிந்தால் கருத்துப் பெட்டியில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவரிடம் காட்டுகிறேன்.